ஒரே உலை

நடுக்கோட்டகம்,
முத்துப்பேட்டை வழி.
12-8-1971

அன்புள்ள வள்ளி,

புத்தகம் வந்தது. கருத்தைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உன் இதழின் 'படித்தவர் கருத்து' பகுதிக்கு இந்த மாதம் எவ்வளவு இடம் இருக்கிறதோ அதற்கேற்ப வெட்டிக்கொள். கடைசிப் பத்தியை மட்டும் விட்டுவை. சொல்ல வந்தது அதில்தான் இருக்கிறது.

நீ கேட்டிருந்த வேலையைப் பற்றி. உன் பதிப்பகத்தில் உணவு, உடல்நல நூல்களைப் பார்த்துக்கொள்ள நான் வரலாம் என்றுதான் நினைக்கிறேன். நினைப்பதில் தடையில்லை. அண்ணன் "ஆர்டர் வரட்டும் பாப்பா" என்கிறார். நாற்பத்தெட்டு வயதில் பாப்பா என்று கூப்பிடப்படுகிறவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

என்ன ஆர்டர் என்று கேட்டிருந்தாய். ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம் என்று புதுச் சட்டம் வரம்பைக் குறைத்துவிட்டது. மிஞ்சுவதை அரசாங்கம் எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்கும். அண்ணன் வாய்க்கால் மேட்டு வயலை என் பேருக்கு மாற்றினார். நான் தனிக் குடும்பம், தனியாகச் சாகுபடி செய்கிறவள் என்று ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டேன். அதற்காகத்தான் கும்பகோணத்துப் பள்ளிக்கூட வேலையை விட்டு வந்தேன். "ஆறு மாசம்" என்றார்கள். இது இரண்டாவது சம்பா.

தனிக் குடும்பம் என்றால் தனி உலை வேண்டுமாம். விசாரிக்க வருகிறவர்கள் முதலில் அடுப்பைத்தான் பார்ப்பார்கள் என்று வக்கீல் வைத்தியலிங்கம் சொன்னார். கொல்லையில் ஓட்டுச்சார்ப்பு இறக்கி எனக்கென்று ஒரு சமையலறை கட்டியிருக்கிறார்கள். அதில் நான் வெந்நீர்கூடப் போட்டதில்லை. புழக்கம் தெரிய வேண்டும் என்று அண்ணி தன் அடுப்புச் சாம்பலை வாரத்துக்கு ஒருமுறை அள்ளிவந்து அதில் கொட்டுகிறாள். சாம்பலுக்குக்கூட இந்த வீட்டில் வேலை இருக்கிறது.

மங்களம்

*படித்தவர் கருத்து: 'அவரவர் உடலுக்கு அவரவர் உணவு'*

*இந்நூல் மனிதரை வாதம், பித்தம், கபம் எனப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் காலை முதல் இரவு வரை தனித்தனிச் சமையல் வகுக்கிறது. படிக்க ஒழுங்காக இருக்கிறது. பித்த உடலுக்குப் புளி ஆகாது என்பதற்கு ஆசிரியர் காட்டும் சான்று, அவருக்கு முன் எழுதிய இன்னொருவர் அப்படிச் சொன்னார் என்பது மட்டுமே.*

*ஆசிரியர் அடுப்படிப் பக்கம் போனவராகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் சர்க்கரை நோய்க்காரர் இருக்கிறார், பால்குடி மறக்காத பிள்ளை இருக்கிறது, நான் இருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே உலை. வேறுபாடெல்லாம் வடித்த பிறகு அவரவர் தட்டில்தான். ஆளுக்கொரு அடுப்பு வைத்துக்கொள்ளும் வீடு எதுவும் இருப்பதாக நான் அறியேன்.*

*மங்களாம்பிகை, பி.எஸ்ஸி., எல்.டி., நடுக்கோட்டகம்.*

---

சென்னை-17
20-9-1971

மங்களம்,

இதழ் கிடைத்திருக்கும். ஒரு வரிகூட வெட்டவில்லை. அந்த 'ஒரே உலை' பத்தியைப் படித்துவிட்டு அச்சுக்கூடத்தில் கம்பாசிட்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் வீட்டில் மாமனாருக்கு உப்பில்லாமல், மச்சானுக்குக் காரமில்லாமல் என்று பெண்டாட்டி தினம் சண்டையாம்.

நூலாசிரியருக்குத்தான் கோபம். நேரிலேயே வந்துவிட்டார். "அந்த அம்மா என்ன உடல்?" என்று கேட்டார். "தெரியாதுங்க, ஹாஸ்டல்ல இருந்தப்ப எதைப் போட்டாலும் குறை சொல்லிக்கிட்டே முழுசாச் சாப்பிடுவா" என்றேன். "அப்படின்னா பித்தம்" என்று எழுதிக்கொண்டு போனார்.

வேலைக்கு வருவோம். நான் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள், சுற்றி வளைக்க வராது. இந்த மாதிரிப் புத்தகங்கள் இப்போது நன்றாக விற்கின்றன. பத்தில் எட்டு பிதற்றல். எது பிதற்றல் என்று அச்சேறுமுன் சொல்ல ஆள் வேண்டும். தை பிறந்ததும் வா. மாடியறை காலியாக இருக்கிறது. சம்பளம் பள்ளிக்கூடத்தில் வாங்கியதற்குக் குறையாது.

உன் அண்ணனின் அடுப்பு நாடகம் எவ்வளவு நாள் ஓடும்? நீ அதில் நடிகையா, திரைச்சீலையா?

வள்ளியம்மை

---

நடுக்கோட்டகம்
18-10-1971

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மேலான இதழின் சென்ற மாத வெளியீட்டில் 'படித்தவர் கருத்து' பகுதியில் எனது பெயரால் வெளியாகியுள்ள குறிப்பில் பிழை நேர்ந்துள்ளதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். "எங்கள் வீட்டில்" என்று அச்சாகியிருப்பது "எங்கள் ஊரில் சில வீடுகளில்" என்றிருக்க வேண்டும். "நான் இருக்கிறேன்" என்னும் சொற்கள் என்னால் எழுதப்பட்டவை அல்ல. நான் மேற்படி கிராமத்தில் தனிக் குடித்தனமாகவும் தனிச் சமையலாகவும் வசித்து வருகிறேன்.

மேற்படி அச்சுப் பிழைக்கு அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிட்டு, அதன் பிரதியை எனக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மங்களாம்பிகை

---

சென்னை-17
25-10-1971

மதிப்பிற்குரிய மங்களாம்பிகை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அச்சுப் பிழை என்று அறிவிக்குமுன் தங்கள் கையெழுத்துப் பிரதியுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். பிரதி அச்சுக்கூடத்தில் மற்றத் தாள்களோடு கலந்துவிட்டது. தேடிக்கொண்டிருக்கிறோம். மழைக்காலம் வேறு. சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

தாங்கள் 'தாழ்மையுடன்' என்ற சொல்லை எங்களுக்கு இதுவரை எழுதியதில்லை என்பதையும் கவனித்தோம்.

வள்ளியம்மை

---

நடுக்கோட்டகம்
2-11-1971

வள்ளி,

இதை அம்சம் முத்துப்பேட்டைக்குக் கொண்டுபோய்த் தபாலில் சேர்ப்பாள். எங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவள். நீயும் பதிலை அவள் வீட்டு முகவரிக்கே எழுது. வரும் கடிதங்களை அண்ணன் பிரிப்பார். போகும் கடிதங்களைப் படிக்கும் வழக்கம் சென்ற மாதம்தான் தொடங்கியது. அந்தத் தாழ்மை அவருடையது. எழுத்து என்னுடையது.

நடந்தது இதுதான். விவசாயத் தொழிலாளர் சங்கத்து முருகையன் முத்துப்பேட்டை நூலகத்தில் உன் இதழைப் படித்திருக்கிறார். பக்கத்தைக் கையால் நகலெடுத்து, இந்த அம்மாள் அண்ணன் வீட்டுச் சோற்றைத்தான் சாப்பிடுகிறார், அவர் தனிக் குடும்பம் இல்லை, அந்த நிலமும் அண்ணனுடையதுதான் என்று மனுக் கொடுத்துவிட்டார். விசாரணைக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

அண்ணன் சத்தம் போடவில்லை. இதழை மடியில் விரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, இது நீ எழுதினதா?"

"ஆமாண்ணே."

"நல்லா எழுதியிருக்கே. முதல் பாராவுலயே நிறுத்தியிருக்கலாம்."

"அடுப்படி வெவகாரத்த ஊருக்கெல்லாம் அச்சடிச்சுக் குடுத்தாச்சு. எனக்குச் சாம்பல் சுமந்ததுதான் மிச்சம்" என்றாள் அண்ணி.

எப்படி எழுதினாய் என்று நீ கேட்பாய். நானும் என்னையே கேட்டுப் பார்த்துக்கொண்டேன். உனக்கு எழுதிய கடிதத்தில் கொல்லை அடுப்பைப் பற்றிச் சொல்லிவிட்டு, அதே பேனாவால் அடுத்த தாளில் ஒரே உலை என்று எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒன்றை ஒன்று இடிக்கும் என்று தோன்றவே இல்லை. புத்தகத்தைப் பற்றி எழுதும்போது நான் இந்த வீட்டில் இருப்பதில்லை போலிருக்கிறது. நீயும் அதைக் கவனிக்காமல் அச்சுக்குக் கொடுத்தாய். நாம் இருவரும் படித்தவர்கள்.

இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. உறுதிமொழியில் கையெழுத்து என்னுடையது. அது பொய்யென்று ஆனால் வழக்கு என் மேல்தான் வரும் என்கிறார் வக்கீல். அவர் சொல்வது சட்டமா, மிரட்டலா, எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பயம் வந்திருப்பது மட்டும் நிச்சயம். திருத்தம் வெளியானால் நிலம் நிற்கும். நிலம் என் பேரில் நின்றால் நானும் இங்கேயே நிற்க வேண்டும். தை, மாசி என்று நாம் பேசியதெல்லாம் போகும்.

திருத்தத்தைப் போட்டுவிடு. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போட்டுவிடு.

மங்களம்

---

சென்னை-17
9-11-1971

மங்களம்,

நீ சொன்னபடி அம்சத்தின் வீட்டு முகவரிக்கே எழுதுகிறேன். அவள் பெயருக்கு வந்த முதல் கடிதம் இது என்றால், அவள் பிரித்துப் பார்த்தாலும் நான் வருத்தப்படமாட்டேன்.

திருத்தத்தை அச்சுக் கோத்து வைத்திருக்கிறேன். நாலு வரி. மேசை மேல் தட்டில் இருக்கிறது. அதற்கு மேல் என் கை போகவில்லை.

என் கஷ்டத்தைச் சொல்கிறேன். இருபது வருடமாக இதழ் நடத்துகிறேன். எத்தனையோ திருத்தம் போட்டிருக்கிறேன், மாற்றி அச்சான படத்துக்குக்கூட. சரியாக அச்சான ஒன்றைப் பிழை என்று போட்டதில்லை. கம்பாசிட்டர் கேட்டார்: "பிழை என்னுதுன்னு போடுறீங்களா ஆச்சி?" அவர் பிழை செய்யவில்லை. நீயும் செய்யவில்லை. உன் அண்ணனுக்காக நாம் மூன்று பேரும் தப்புச் செய்தவர்களாக வேண்டும்.

ஆனால் வழக்கு, கையெழுத்து என்று நீ எழுதியதைப் படித்ததும் அந்தத் தட்டை மறுபடி கையில் எடுத்தேன். உன்னை ஜெயிலுக்கு அனுப்பும் யோக்கியம் எனக்கு வேண்டாம். அதனால் சொல்கிறேன்: விசாரணைக்கு முன் 'சரி' என்று ஒரு சொல் தந்தி கொடு. அடுத்த நாள் அச்சேற்றுகிறேன். தந்தி வராவிட்டால் தட்டு அப்படியே இருக்கும்.

இல்லையென்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு ரயிலேறு. மாடியறையைப் பெருக்கச் சொல்லிவிட்டேன்.

வள்ளி

---

நடுக்கோட்டகம்
1-12-1971

வள்ளி,

தந்தி வராததை நீ எப்படி எடுத்துக்கொண்டாய் என்று தெரியவில்லை. துணிச்சல் என்று எடுத்துக்கொண்டிருந்தால் தப்பு. 'சரி' என்று தந்தி போனால் திருத்தம் வரும் என்று அண்ணனிடம் நானே சொல்லி, அவரோடுதான் தபாலாபீசுக்குப் போனேன். மழையில் கம்பி அறுந்து கிடந்தது. அண்ணன் பதறினார். எனக்கு உள்ளே ஒரு சின்ன நிம்மதி வந்தது. அவ்வளவுதான் என் துணிச்சல்.

விசாரணை நேற்று நடந்தது. அதிகாரி இளைஞர், கண்ணாடி போட்டவர், மரியாதையாக உட்காரச் சொன்னார். பிறகு என் கருத்தை முதலிலிருந்து உரக்கப் படித்தார். "ஆசிரியர் அடுப்படிப் பக்கம் போனவராகத் தெரியவில்லை" என்ற இடத்தில் குமாஸ்தா சிரித்துவிட்டார். என் எழுத்துக்குக் கிடைத்த முதல் நேரடிச் சிரிப்பு அது. அதை அனுபவிக்க அங்கே வசதியில்லை.

"இது நீங்க எழுதினதுதானாம்மா?"

"ஆமாங்க."

வக்கீல் எழுந்தார். "எழுத்துன்னா கொஞ்சம் கற்பனை இருக்கும்ங்க சார். படிக்கிறவங்களுக்கு ருசியா இருக்கணும்னு நாலு வார்த்தை சேத்துப் போடுறதுதான். அம்மா தனிச் சமையல். அடுப்பை வேணா வந்து பாருங்க, சாம்பல் இருக்கு."

"ஆமாங்க, சாம்பல் இருக்குங்க. அதுவும் அண்ணன் பேருல இருந்து மாத்தி எழுதினதுதாங்க" என்றார் பின்னாலிருந்து முருகையன். இப்போது எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி என்னிடம் திரும்பினார். "வக்கீல் கற்பனைங்கிறாரு. கற்பனையாம்மா?"

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். ஆமாங்க, ஒரு பேச்சுக்கு எழுதினது. இவ்வளவுதான். வாய் திறந்ததும் வேறு வந்தது.

"கதை எழுதுறவங்களுக்குக் கற்பனை வேணும்ங்க. நான் ஒரு புத்தகம் சரியா தப்பான்னு எழுதுறவ. அதுல கற்பனை கலந்தா அந்தப் புத்தகத்துக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை."

"அப்ப ஒரே உலைதானா?"

"ஒரே உலைதான்."

முருகையனுக்காகச் சொன்னேன் என்று நினைக்காதே. அந்த நிலம் அவர்களுக்குப் போய்ச்சேரும் என்றுகூட எனக்கு நம்பிக்கையில்லை. கற்பனை என்ற அந்த ஒரு சொல்தான் பொறுக்கவில்லை. இந்த வீட்டில் என் பேரில் எழுதியிருக்கும் எதுவும் என்னுடையது இல்லை. மாதம் ஒரு பக்கம் உனக்கு எழுதுகிறேனே, அது என்னுடையது.

திரும்பும்போது அண்ணன் திருத்துறைப்பூண்டியில் எனக்கு மட்டும் காபி வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் என் தட்டு, டம்ளர், பாய் எல்லாம் கொல்லைச் சமையலறையில் இருந்தன. பக்கத்தில் அரிசி, பருப்பு, புளி. அண்ணி வாசற்படியில் நின்றாள்.

"தனியாச் சமைக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்ல வரலை இல்ல? இனிமே தானா வரும்."

நேற்று அந்த அடுப்பில் முதல் தடவையாக உலை வைத்தேன். புது அடுப்பு, ஈர விறகு. ஒரே புகை.

மங்களம்

---

சென்னை-17
11-1-1972

மங்களம்,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து வரி இல்லை. தை பிறக்கப்போகிறது. மாடியறை பெருக்கியபடியே இருக்கிறது.

உன் அண்ணன் எனக்கு நேரடியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறார். மரியாதையான கடிதம். நிலம் உபரி என்று உத்தரவாகிவிட்டதாம், அப்பீல் போட்டிருக்கிறாராம், அது முடியும்வரை நீ ஊரைவிட்டு வெளியே வந்தால் உறுதிமொழி வழக்கு உன்னைத்தான் பிடிக்குமாம். "தங்கள் தோழியின் நலன் கருதி" வேலையைப் பற்றி உனக்கு எழுத வேண்டாம் என்கிறார். நான் இங்கே ஒரு வக்கீலைக் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். இதற்கு ஃபீஸ் வேறு.

எனக்குக் கோபம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. உண்மையைச் சொன்னாயே, சொன்ன அன்றே கிளம்பியிருக்கக் கூடாதா? காபி குடித்தாயே அந்தத் திருத்துறைப்பூண்டியில், அங்கேயே ரயில் நிலையம் இருக்கிறது.

சித்திரைவரை வேலையைக் காலியாக வைக்கிறேன். அதற்குமேல் என் கணக்குப்பிள்ளை விடமாட்டார்.

ஒரு புத்தகம் அனுப்பியிருக்கிறேன். 'நெருப்பு தொடாத உணவு'. சமைப்பதே எல்லா நோய்க்கும் மூலம், ஊறவைத்தும் முளைகட்டியும் தின்றால் நூறு வயது என்கிறார் ஆசிரியர். நீ கிழித்துப்போடுவதற்கென்றே எழுதினாற்போல இருக்கிறது. நீ கிழிப்பதைப் பார்த்தாலாவது நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்புவேன். பெயர் போட வேண்டாம் என்றால் புனைபெயரில் போடுகிறேன்.

வள்ளி

---

நடுக்கோட்டகம்
26-2-1972

அன்புள்ள வள்ளி,

இதை அம்சம் கொண்டுபோகவில்லை. அண்ணனே தபாலில் சேர்ப்பார். படித்துவிட்டுத்தான் சேர்ப்பார். படிக்கட்டும்.

வக்கீல் வைத்தியலிங்கம் போன வாரம் வந்தார். கொல்லைச் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் கரி, மாடத்தில் உப்புச் சாடி, கழுவிக் கவிழ்த்த ஒற்றைப் பானை. மனிதர் முகம் மலர்ந்துபோனது.

"இப்ப நெஜமாவே தனி உலைதானேம்மா. இது அப்பீல்ல நிக்கும். நீங்க பொய்யே சொல்ல வேண்டாம். உள்ளதைச் சொன்னாப் போதும்."

அண்ணனும் கொஞ்ச நாளைக்குப் பிறகு என்னிடம் சிரித்தார். "பாப்பா, புதுப் புத்தகம் வந்திருக்கே, அதுக்கு எழுதும்போது நீ தனியாச் சமைச்சுச் சாப்பிடுறதையும் ஒரு வரி போட்டுடேன். உண்மைதானே? அச்சுல வந்துட்டா பலமா இருக்கும்." முத்துப்பேட்டையிலிருந்து போட்டோக்காரரும் வரப்போகிறார். அடுப்பு எரிவதுபோலப் படம் வேண்டுமாம்.

உனக்குப் புரிகிறதா? நான் உண்மையைச் சொன்னதால் தட்டு கொல்லைக்கு வந்தது. தட்டு கொல்லைக்கு வந்ததால் அந்தப் பொய் உண்மையாகிவிட்டது. அடுத்த தடவை அதிகாரி கேட்டால், உண்மையைச் சொல்கிற நான் 'தனி உலைதாங்க' என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னால் நிலம் எனக்கு. நான் நிலத்துக்கு. அண்ணனிடம் கெட்ட எண்ணம்கூட இல்லை. என்னை நேர்மையானவள் என்று அவர் இப்போது முழுமையாக நம்புகிறார்.

தீர யோசித்தேன். பிறகு நீ அனுப்பிய புத்தகத்தைப் படித்தேன்.

படித்த மறுநாளிலிருந்து நான் அடுப்பு மூட்டவில்லை. போட்டோக்காரர் வந்தபோது சுள்ளிகூட இல்லை. அண்ணன் வாசலில் நின்று, "ஒரே ஒரு தடவை பத்தவை பாப்பா" என்றார். "இப்ப நான் சமைக்கிறதில்லேண்ணே. புத்தகத்துக்காகச் சோதிச்சுப் பாக்கறேன்" என்றேன். அண்ணி ஒரு கிண்ணத்தில் சோறு கொண்டுவந்து வைத்தாள். சாயங்காலம் நான் தொடாததை அப்படியே திருப்பிக் கொண்டுபோனாள். நான் இளைத்துப்போனேன் என்று அம்சம் சொல்கிறாள். அவள் சொன்னால் இருக்கும்.

இது சட்டத்தில் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கும் நிற்காமல் போகலாம். அப்பீல் பங்குனியில் வருகிறது. சித்திரைக்குள் முடியாது என்கிறார்கள். மாடியறைக்கு வேறு ஆளைப் பார்.

கருத்து கீழே. புனைபெயர் வேண்டாம். ஊரையும் சேர்த்துப் போடு. எதையும் வெட்டாதே.

மங்களம்

*படித்தவர் கருத்து: 'நெருப்பு தொடாத உணவு'*

*இந்நூலை நான் படித்ததோடு நிற்காமல் கடைப்பிடித்தும் பார்த்துவருகிறேன். ஊறிய அவல், முளைகட்டிய பயறு, தேங்காய், வாழைப்பழம். ஆசிரியர் வாக்களிக்கும் முகப்பொலிவு இதுவரை தென்படவில்லை. வாயுத் தொல்லை உண்டு. எங்கள் பக்கத்து ஈரக் காற்றில் பயறு முளைப்பதற்கு முன் புளித்துவிடுகிறது. பக்கத்து அடுப்பில் சோறு வடிக்கும் வாசனை வரும் வேளையில், ஆசிரியர் கூறும் மன அமைதியைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. அவர் தரும் சான்றுகள் வழக்கம்போலப் பலவீனமானவை. உடல்நலம் கருதி இந்நூலை யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.*

*ஆயினும் நான் இன்னும் கைவிடவில்லை. நூலாசிரியர் சொல்லத் தவறிய பயன் ஒன்று இந்த உணவுக்கு உண்டு. இதை உண்கிறவர் எந்த உலையையும் சேர்ந்தவர் அல்லர்.*

*மங்களாம்பிகை, பி.எஸ்ஸி., எல்.டி., நடுக்கோட்டகம்.*